கடைசிக்கு முந்தின எழுத்து

"இ… டி… ஐ… எச்…"

கவிப்ரியாவின் ஆள்காட்டி விரல் பையின் மேல் வலமிருந்து இடமாக ஊர்கிறது. பை கோதண்டபாணியின் தோளில் இருக்கிறது. லாரியிலிருந்து இறக்கிய பாரத்தோடு அவர் நிற்க, ஸ்டோர் வாசலில் வழியை மறித்துக்கொண்டு அவள் எழுத்துக்கூட்டுகிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட முன்னாலிருந்துதான் கூட்டும். இவள் பின்னாலிருந்து கூட்டுகிறாள்.

"சீக்கிரம்மா. கழுத்து தோளுக்குள்ள போய்டும் போல இருக்குது."

"அசையாதீங்கண்ணா. எழுத்து ஆடுது."

"எழுத்து ஆடல. என் முட்டி ஆடுது."

லாரி டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றி வேடிக்கை பார்க்கிறார். "இன்னாப்பா, உங்க மேடம் ரிவர்ஸ் கியர்லயேதான் படிப்பாங்களா?"

"டிகிரி முடிச்சவங்கப்பா," என்கிறார் கோதண்டபாணி. "நம்மள மாதிரி நேரா படிச்சா அவங்களுக்கு இன்னா மரியாத?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். கவிப்ரியா சிரிப்பதில்லை. விரல் இடது ஓரத்தைத் தொட்டு முடிந்ததும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துத் தலையை அசைக்கிறாள். பை உள்ளே போகிறது. அடுத்த பை வருகிறது. மறுபடி கடைசியிலிருந்து ஆரம்பம்.

ஆம்பூருக்குச் சற்று வெளியே தோல் பதனிடும் அந்த டேனரியில் கெமிக்கல் ஸ்டோர் அவள் பொறுப்பு. பி.எஸ்சி. வேதியியல். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும். தோல் வந்து இறங்கும் முன்கட்டில் நின்று அவள் "அண்ணா" என்றால் பின்கட்டில் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சேர்ந்த புதிதில் பெண்கள் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லை என்றார்கள். வாங்கித் தரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. இருந்ததை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த லுங்கித் துண்டுகளை முன்பக்கம் திணித்து மாட்டிக்கொண்டாள். நடந்தால் கால் முன்னே போய், பூட்ஸ் ஒரு கணம் கழித்துப் பின்னே வரும். தொப்பு தொப்பென்ற அந்தச் சத்தம் கேட்டதும் ஆட்கள் பீடியை அணைத்துவிடுவார்கள்.

எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவாள். மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், சுவரொட்டி, போண்டா சுற்றி வந்த காகிதம். முன்பு அதை ஒரே விழுங்காக விழுங்குவாள். இப்போது எல்லாம் பின்னாலிருந்து. காலையில் குடியாத்தம் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோகும் கடைப் பலகைகளைத் தலைகீழாக முணுமுணுத்துக்கொண்டு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், பெண் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறாள் என்று எண்ணி, பையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்கு மாறியதும் உண்டு.

இது பிறவிக் குணமல்ல. இரண்டு பைகளால் வந்த பழக்கம்.

ஒன்றின் பெயர் சோடியம் சல்ஃபைடு. மற்றதன் பெயர் சோடியம் சல்ஃபைட். தமிழில் எழுதினால் கடைசியில் ஓர் உகரம்தான் வித்தியாசம். பையில் ஆங்கிலத்தில் SULPHIDE என்றும் SULPHITE என்றும் இருக்கும். கடைசிக்கு முந்தின எழுத்து ஒன்றில் D, மற்றதில் T. மீதி எல்லாம் ஒன்றே.

முதலாவது, தோல்களைப் போட்டு உருட்டுகிற பெரிய மரப் பீப்பாய்களில் சுண்ணாம்பு டிரம்முக்குப் போவது. தோலிலிருந்து மயிரைக் கழற்றுவது. இரண்டாவது, அதன் பிறகு அமிலம் சேர்க்கிற டிரம்முக்குப் போவது. சல்ஃபைடு தவறிப்போய் அமில டிரம்மில் விழுந்தால் ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாகக் கிளம்பினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஜாஸ்தியானால் நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு மரத்துவிடும். மூக்குக்குப் பிறகு ஆள் விழுவான். அவனைத் தூக்கக் குனிந்தவன் அவன் மேலேயே விழுவான். பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் இதை யாருக்கும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. பெயர் சொல்லி நினைத்துக்கொள்ள, இப்படிச் செத்துப்போன ஒருவராவது ஒவ்வொருவருக்கும் இருக்கிறார்.

பிரித்துப் பார்த்தால் தெரியாதா என்றால், தெரியும். ஒன்று மஞ்சள் செதில், மற்றது வெள்ளைத் தூள். ஆனால் பையை டிரம் வாயில் சாய்த்துவைத்துத்தான் மூலையை அறுப்பார்கள். அறுத்த கையோடு கொட்டிவிடும். கொட்டிய பிறகு தெரிந்து என்ன ஆகப்போகிறது?

முன்பு இந்தக் கவலை இல்லை. சல்ஃபைடு பையில் அகலமாக ஒரு சிவப்புப் பட்டை இருந்தது. டேனரியில் யாரும் பெயரைப் படித்ததில்லை; பட்டையைத்தான் படித்தார்கள். பிறகு சப்ளை செய்கிற கம்பெனி மாறியது. இரண்டு சரக்கும் ஒரே வெள்ளைப் பையில், ஒரே நீல எழுத்தில் வர ஆரம்பித்தன.

புதுப் பைகள் வந்த முதல் நாள் கவிப்ரியா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சல்ஃபைட் லோடு என்று டிரைவர் சொன்னார். பையைப் பார்த்தாள், சல்ஃபைட் என்றே இருந்தது. கோடு போட்டாள், கோடு போட்டாள், அனுப்பிக்கொண்டே இருந்தாள். டிரைவருக்கு டீ ஆறுவதற்குள் லாரி காலி.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், கல்லூரித் தோழி நித்யஸ்ரீயிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

எத்ழுதுகள் இடம் மானாறிலும் மூளை பத்டிவிதுடும்.

கீழே, இதைத் தடங்கலில்லாமல் படித்தால் நீங்கள் புத்திசாலி என்று போட்டிருந்தது. கவிப்ரியா ஒரே மூச்சில் உரக்கப் படித்தாள். கோதண்டபாணி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா!" என்று வாயைப் பிளந்தார். போன் கை மாறி குர்ஷித் பாயிடம் போனது. குர்ஷித் பாய் டிரம் பகுதிக்கு சூப்பர்வைசர். உருதுவை ஓட்டமாகப் படிப்பவர். தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பார்.

"எத்… ழு… து… அரே, இன்னாம்மா இது? எல்லாம் கலத் கலத்தா, தப்பு தப்பா எழுதி வெச்சிருக்குது. எத்ழுன்னு ஒரு வார்த்தை இருக்குதா உங்க தமிழ்ல?"

"பாய் ஃபெயிலு," என்றார் கோதண்டபாணி. "மேடம் பாஸு."

கவிப்ரியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த வாயை எடுத்தவளுக்குக் கை பாதியில் நின்றுவிட்டது. பாய் படித்ததுதான் அங்கே எழுதியிருந்தது. தான் படித்தது அங்கே எழுதியிருக்கவே இல்லை.

டப்பாவை மூடாமல் எழுந்து ஸ்டோருக்கு ஓடினாள். காலையில் கோடு போட்ட பைகளை மறுபடி பார்த்தாள். முன்னாலிருந்து படித்தால், பாதி சொல் தாண்டுவதற்குள் மீதியை மனமே சொல்லி முடித்துவிட்டது. கண் சும்மா பின்னால் நடந்துவந்தது. அதனால் மறுமுனைக்குப் போனாள். கடைசி எழுத்தில் விரலை வைத்தாள். அதற்கு முந்தின எழுத்தில் வைத்தாள். அடுக்கின் நடுவே இருந்த ஒரு பையில் அந்த எழுத்துக்கு வயிறு இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றிலும் இருந்தது. சல்ஃபைட் லோடில் எங்கோ ஏற்றும்போதே கலந்து வந்த சல்ஃபைடு. இரண்டின் மேலும் அவள் போட்ட சாக்பீஸ் கோடு பளிச்சென்று தெரிந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது அவள் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தில் பாதிச் சொற்கள் தெரியாது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் கேட்கக் கூச்சம். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்து, நடுவில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று தாண்டித் தாண்டிப் போனாள். தெரிந்தவர்கள் நடுவில் தெரிந்தவள் போல உட்கார்ந்திருக்க அதுதான் வழியாக இருந்தது. அந்த வித்தையில் தேறித்தான் டிகிரியே வாங்கினாள். அப்படியானால் மூன்று வருஷமும் படித்தாளா, யூகித்தாளா? யூகம் சரியாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறாள்.

மறுநாள் முதல் அவள் பின்னாலிருந்து படிக்கத் தொடங்கினாள். லாரிகள் வாசலில் காத்துக் கிடந்தன.

"டைம் ஜாஸ்தி ஆகுதும்மா," என்றார் குர்ஷித் பாய். "முதலாளி கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? மேடம் உல்ட்டாவா படிக்குதுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க பாய். நேரா படிச்சப்ப ரெண்டு பை தப்பா உள்ள வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

"பை மாத்திக் குடுக்கச் சொல்லி சப்ளைக்காரனுக்கு எழுதியாச்சு. அதுவரைக்கும் நீயே ஒரு சிவப்பு பெயிண்ட் அடிச்சு வுட்டுடேன்."

"சிவப்பை நம்பித்தானே பாய் இத்தன வருஷம் பேரைப் படிக்காம இருந்தோம்? நாளைக்கு எவனாவது உப்பு மூட்டைய சிவப்புப் பட்டையில அனுப்புனா? ஆளுங்க எழுத்தைப் பாக்கணும்."

குர்ஷித் பாய் டிரம் பக்கம் திரும்பி நடந்தார். கவிப்ரியாவிடம் பேசி ஜெயிப்பதற்கு, டிரம்மை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். அவருக்கு டிரம் ஓட வேண்டும்.

இரண்டு சரக்கையும் ஸ்டோரில் எதிரெதிர் மூலையில் அடுக்கினாள். ஆனால் மூலையை விட்டு வெளியே போன பைக்கு அதன் பெயரைத் தவிர வேறு காவல் கிடையாது. அதனால் டிரம் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி மூன்று எழுத்தை மட்டும் பின்னாலிருந்து பாருங்கள். E, D, I என்று வந்தால் அது 'எடி'. E, T, I என்று வந்தால் 'எட்டி'. எடி ஆபத்து, சுண்ணாம்பு டிரம்மைத் தவிர எங்கேயும் போகக் கூடாது. எட்டி அமில டிரம்முக்கு. அர்த்தமில்லாத சொல்லாக இருப்பதுதான் இதில் நல்லது என்று அவள் எண்ணினாள். அர்த்தம் இல்லாத இடத்தில் மனம் யூகிக்க முடியாது அல்லவா?

ஆட்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. டிரம் கொட்டகை முழுக்க எடியும் எட்டியுமாக ஒலித்தது. எடி என்பதை நீட்டி, வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல் ஒருவர் பாடிக் காட்டினார். கெமிஸ்ட்ரி இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் தாமும் காலேஜ் போயிருக்கலாம் என்றார் கோதண்டபாணி.

வைகாசியில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தது. கவிப்ரியா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிட்டாள். கோதண்டபாணி திருவிழா முடிந்தும் உறவுக்காரர் வீடு, விருந்து என்று இழுத்துக்கொண்டு, முகத்தில் தூக்கம் தெளியாமல் ஒருநாள் காலை வந்து சேர்ந்தார்.

அன்று கொட்டகைக்குள் நுழைந்தபோது கவிப்ரியா அவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு டிரம்முக்கும் அமில டிரம்முக்கும் நடுவே அன்றைக்குத் தேவையான பைகள் மரப்பலகை மேல் கிடந்தன. அவர் ஒரு பையைக் குனிந்து பார்த்தார். பின்னாலிருந்து விரல்விட்டு ஒழுங்காகவே பார்த்தார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அமில டிரம்மை நோக்கி நடந்தார். நீல எழுத்து அவர் முதுகுப் பக்கம் அவளைப் பார்த்தபடி போயிற்று. கடைசிக்கு முந்தின எழுத்துக்கு வயிறு இருந்தது.

"அண்ணா!"

தறிச் சத்தத்தை ஜெயித்த குரல் டிரம் சத்தத்தில் தோற்றது. அவர் திரும்பவில்லை. பையை டிரம் வாயருகே இறக்கிவைத்துவிட்டு, கத்திக்காக இடுப்பில் கையை விட்டார். பூட்ஸ் பின்தங்க, ஒரு பூட்ஸை வழியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த கவிப்ரியா, வேறொன்றும் தோன்றாமல், அந்தப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏந்திரிம்மா. டிரம் ஓடுதில்ல?"

"ஓடட்டும்."

"இன்னாம்மா பேஜாரா போச்சு? நீ சொன்ன மாதிரி பின்னாலருந்து பாத்துதான எடுத்தேன்? எடிதான இது?"

"எடிதான். அதான் உக்காந்திருக்கேன்."

"எடின்னா எடு!"

"யாருண்ணா அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? எடின்னா எடு. எட்டின்னா எட்டி வெய்யி. பேருலயே இருக்குதே. நீதானம்மா பேரு வெச்ச?"

கவிப்ரியா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குர்ஷித் பாய் ஓடிவந்தார். "இன்னா ரெண்டு பேரும் உக்காந்து பஞ்சாயத்து?" என்று ஆரம்பித்தவர், பையின் எழுத்தைப் பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சைத் தாமே போய் இறக்கினார். டிரம் முனகி நின்றது. அந்த அமைதியில் கோதண்டபாணி கூட்டாளியிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"உள்ள ஆசிட் ஊத்தியாச்சா?"

"அப்பவே ஊத்தியாச்சுண்ணா."

கோதண்டபாணி கத்தியை மடக்கி இடுப்பில் செருகினார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இருந்தும் உள்ளங்கையை லுங்கியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு போய், வழியில் கிடந்த அவளுடைய பூட்ஸை எடுத்துவந்து அவள் காலருகே வைத்தார்.

அன்று பஸ்ஸில் அவள் எந்தப் பலகையையும் படிக்கவில்லை. அந்த மனிதர் எழுத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார். தப்பு அவள் வைத்த பெயரில் இருந்தது. அர்த்தமே இல்லாத இரண்டு சொற்களைக் கொடுத்தால் மனம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்று நம்பினாள். நிற்கவில்லை. தாயைத் தேடும் ஆட்டுக்குட்டி எந்த மடியில் வேண்டுமானாலும் முட்டுகிற மாதிரி, தெரிந்த சொல் ஒன்றைத் தேடிப்போய் முட்டிக்கொண்டது. அதுவும் சரியாக நேர் எதிர்ச் சொல்லில். அதைச் செய்தது கோதண்டபாணியின் மனம் மட்டும்தானா? கலைந்த எழுத்துகளைப் பார்த்ததும் நல்ல வாக்கியமாகக் கட்டி உரக்கப் படித்தாளே, அதுவும் இதே மனம்தான். படித்தவளுக்கு ஒன்று, படிக்காதவருக்கு ஒன்று என்று இதில் இரண்டு ரகம் இல்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு ஸ்டாப்பிங் வரைக்கும் யோசித்தாள். அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள், D என்ற எழுத்தை எப்படிச் சொன்னால் வேறு எதுவாகவும் மாறாது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரையும் ஸ்டோர் வாசலில் நிறுத்தினாள்.

"எடி எட்டி எல்லாம் மறந்துடுங்க. தப்பு என்னுது. இனிமே ஒரே ஒரு எழுத்துதான். கடைசிக்கு முந்தின எழுத்து. அது டி-யா இருந்தா அமில டிரம் பக்கமே போகக் கூடாது. டீ-யா இருந்தா போகலாம்."

"எந்த டி?" என்றார் கோதண்டபாணி.

"டி."

"அது சரி. மத்தது?"

"டீ."

"ரெண்டும் டீதானம்மா. ஒண்ணு கப்பு, ஒண்ணு கிளாஸா?"

ஆட்கள் சிரித்தார்கள். குர்ஷித் பாய்கூட மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். கவிப்ரியா நாக்கை மேலண்ணத்தில் வைத்து இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். நீட்டிச் சொன்னாலும் குறுக்கிச் சொன்னாலும் தமிழ் நாக்கில் இரண்டும் ஒரே எழுத்தாகத்தான் வந்து விழுந்தன. உரக்கச் சொல்வதும் உதவாது. கண்ணை நம்ப முடியாது, காதை நம்ப முடியாது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் பின்வாங்குகிற ரகம் இல்லை.

"நாய் டி!" என்றாள்.

"யாரை?"

"உங்களை இல்லண்ணா. ஒண்ணாங்கிளாஸ் இங்கிலீஷ் புஸ்தகத்துல ஏ-க்கு ஆப்பிள் படம் போட்டிருக்கும் இல்ல? டி-க்கு நாய். அந்த நாய் டி கடிக்கும். டீக்கடை டி கடிக்காது."

கறுப்பு மார்க்கரை எடுத்து, கையருகே இருந்த சல்ஃபைடு பையின் மேல் நாய் வரைந்தாள். ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள்.

"இது ஆடும்மா," என்றார் கோதண்டபாணி.

"நாய்."

"டேனரில வந்து ஆடு படம் போட்டா, முதல் வேலையா டிரம்முக்குள்ளதான் போடுவாங்க."

"தாடி கூட இருக்குதே," என்றார் குர்ஷித் பாய்.

"அது நாக்கு, பாய்!"

அடுத்த பையில் வரைந்தது மாடு என்றார்கள். அதற்கடுத்ததைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு சொந்தக்காரர் பெயரைச் சொன்னார்கள். அவள் விடவில்லை. காதை மடக்கிப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள், பல் போட்டாள், பல்லைக் கூர்மையாக்கினாள். கடைசியில் ஒரு நாய் வந்தது. அது எந்த ஜாதியும் இல்லை. ஆனால் கடிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "இது தெரியும்மா," என்றார் கோதண்டபாணி. "எங்க தெரு முனையில இருக்குது."

அதோடு முடிந்தது என்று எல்லோரும் கலையப் போனபோது அவள் மறுபடி மறித்தாள்.

"படம் போடுறது நான். நான் ஒரு பையை விட்டுட்டா? எனக்கு முன்னமே ஒரு வாட்டி தப்பாத் தெரிஞ்சிருக்குது. படம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, பையை அறுக்கறதுக்கு முன்னாடி அந்த எழுத்துமேல விரலை வெச்சு சுத்தணும். வயிறு மாதிரி வளைஞ்சு வந்தா நாய்."

"வந்தா? குரைக்கணுமா?"

கிண்டலுக்குத்தான் கேட்டார் கோதண்டபாணி. கவிப்ரியா ஒரு நொடி யோசித்தாள்.

"குரைங்க."

"இன்னாது?"

"குரைங்கண்ணா. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கணும் இல்ல? பேரைச் சொன்னா டி, டீ-ன்னு குழப்பம். குரைச்சா வேற எதுவாவும் அர்த்தம் பண்ணிக்க முடியாது."

"ஐம்பது வயசு ஆகுதும்மா எனக்கு."

"ஐம்பத்தொண்ணும் ஆகணும்ண்ணா."

யாரும் சிரிக்கவில்லை. கோதண்டபாணி சுற்றிலும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "லொள்," என்றார், ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து காட்டச் சொன்னதுபோல.

இப்போது அந்த டேனரிக்குப் போகிறவர்கள், டிரம் சத்தத்துக்கு நடுவே அவ்வப்போது நாய் குரைப்பதைக் கேட்கலாம். தோல் வாங்க வந்த வெளியூர்ப் பார்ட்டி ஒருவர், உள்ளே நாய் வளர்க்கிறீர்களா என்று விசாரித்தார். "நல்ல நாயிங்க சார்," என்றார் குர்ஷித் பாய், நடையை நிறுத்தாமல். லாரி வந்தால் இன்னமும் தாமதம்தான். முதலாளி கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் பாய் அதை அவளிடம் கொண்டுவரவில்லை. கவிப்ரியா வாசலில் நின்று பின்னாலிருந்து படிக்கிறாள், கோடு போடுகிறாள். பைகள் மூலைக்குப் போனதும் ஒவ்வொரு சல்ஃபைடு பைக்கும் ஒரு நாய் போடுகிறாள். நாய்கள் நாளுக்கு நாள் நன்றாக வருகின்றன. அது அவளுக்கு உறுத்துகிறது. கை பழகிவிட்டால் கண் தூங்கிவிடும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஒரு மழை நாள். நனைந்த பைகளில் மார்க்கர் பிடிக்கவில்லை. துணியால் ஒற்றி ஒற்றி வரைய வேண்டியிருந்தது. நடுவில் டிரம் ஆட்கள் வந்து பைகளை எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒன்றை வரையாமலே விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், மார்க்கரோடு கொட்டகைக்கு ஓடினாள். இந்த முறை இரண்டு பூட்ஸும் கூடவே வந்தன.

அமில டிரம் வாயருகே ஒரு பை கிடக்கிறது. அதில் நாய் இல்லை; இல்லாததைப் பார்த்துத்தான் யாரோ இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். கோதண்டபாணி அதன் முன் குந்தி உட்கார்ந்திருக்கிறார். கத்தி இன்னும் இடுப்பில் இருக்கிறது. பையின் மேல் தெறித்திருந்த சுண்ணாம்புச் சேற்றை மணிக்கட்டால் துடைக்கிறார். விரலைக் கடைசி எழுத்தில் வைக்கிறார். ஓர் எழுத்து முன்னே நகர்கிறார். நேராக ஒரு கோடு இறங்குகிறது. பிறகு விரல் வளைந்து, வயிற்றைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது.

"லொள்."

வேடிக்கையே இல்லாத குரைப்பு. தூரத்து டிரம்மிலிருந்து எவரோ விளையாட்டாகப் பதிலுக்கு ஊளையிடுகிறார். கோதண்டபாணி திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பு தொப்பென்று வருகிற பூட்ஸ் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கிறது போலிருக்கிறது, அசையாமல் காத்திருக்கிறார்.

கவிப்ரியா மூச்சு வாங்க வந்து எதிரே மண்டியிடுகிறாள். படம் போடவில்லை. முதலில் படிக்க வேண்டும். விரலை வலது ஓரத்தில் வைத்து, "இ…" என்கிறாள்.

அடுத்த எழுத்தின் மேல் கோதண்டபாணியின் விரல் இருக்கிறது. அவர் அதை எடுக்கவில்லை.